நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்

அக்டோபர் 5, புதன்

நேற்று ஆயுத பூஜை. அரிவாள்மனை, கிரைண்டர், என் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு அம்மா ஆக்சிஜன் இயந்திரத்தின் முன்னால் வந்து நின்றாள். “இதுக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கணும்” என்று சொல்லி அதன் நெற்றியில் சந்தனத்தை அப்பினாள். சூடம் மட்டும் காட்டவில்லை. ஆக்சிஜன் இருக்கும் அறையில் நெருப்பு கூடாது என்று ஜூனில் டாக்டர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் சாமிக்கும் பேட்டரி விளக்குதான்.

அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். பாதி ஆயுள் விறகடுப்புப் புகையில் போனது. இப்போது நுரையீரல் தழும்பேறிக் கிடக்கிறது. இயந்திரம் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இயந்திரம் அதிகபட்சம் ஐந்து லிட்டர் தரும். அதன் சத்தம் பற்றி அம்மா சொல்வது: “சினை மாடு ஒண்ணு பக்கத்துலயே படுத்து மூச்சு விடுற மாதிரி இருக்கு.”

கரண்ட் போனால் இன்வர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். அதன் பிறகு சின்ன சிலிண்டர் இரண்டு. இரண்டு லிட்டர் கணக்கில் ஒவ்வொன்றும் பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஆக மொத்தம் இருபத்தெட்டு.

மழைக்காலம் வருகிறது. இந்த ஊரில் கரண்ட் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் போகக்கூடும்? என் ஆராய்ச்சியே இந்த மாதிரிக் கேள்விகளைப் பற்றியதுதான், அரிய பெரிய நிகழ்வுகளைச் சோதிப்பது. இதுவரை வெளிநாட்டு ஆறுகளுக்கும் காப்பீட்டுத் தொகைகளுக்கும் செய்து பார்த்திருக்கிறேன். அம்மாவுக்குச் செய்து பார்த்ததில்லை.

அக்டோபர் 7, வெள்ளி

பர்வீனிடம் கேட்டேன். கல்லூரித் தோழி, இப்போது மின்சார அலுவலகத்தில் பொறியாளர். எங்கள் தெருவுக்கு வரும் மின்பாதையில் ஆறு வருடத் தடைகளின் விவரத்தை அனுப்பினாள். “யாருக்கும் காட்டாத. காட்டினாலும் யாருக்கும் புரியாது” என்று ஒரு குறிப்போடு.

மாலைக்குள் முடித்துவிட்டேன். மிக நீண்ட தடை பதினொரு மணி நேரம். மற்றவையெல்லாம் அதற்குக் கீழே, நேரம் கூடக் கூட எண்ணிக்கை ஒழுங்காக மெலிந்துகொண்டே போகிறது.

எழுதி வைத்தால் எனக்கே தெளிவாகும். உலகில் அளவுகள் இரண்டு விதம், இரண்டிலும் பெரியவை அரிதாகிக்கொண்டே போகும் கடைசிப் பகுதியை வால் என்போம். அம்மாவின் சத்துணவுக் கூடத்தில் மிக அதிகம் சாப்பிடும் பையன் நாலு முட்டை சாப்பிடுவான். நாற்பது சாப்பிட மாட்டான். அந்த வகை அளவுகளுக்கு வால் மெலிந்தது, பெரியது என்பது ஓரளவுக்குத்தான் பெரியதாக இருக்கும். இன்னொரு வகை வரப்புத் தகராறு. பெரும்பாலும் பஞ்சாயத்தில் ஒரு வாரத்தில் முடியும். சில கோர்ட்டுக்குப் போகும். ஒன்றே ஒன்று பேரன் காலம் வரை போகும், அந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதிகமாக இருக்கும். அது கனத்த வால்.

சோதனையில் முதலில் வால் மெலிந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கையிலிருக்கும் தரவு வருவது எவ்வளவு அரிது என்று பார்ப்போம். மிக அரிது என்றால் அந்த எண்ணத்தைக் கைவிடவேண்டும். இன்று கைவிடத் தேவை இருக்கவில்லை. மெலிந்த வால். இருபத்தெட்டு மணி நேரம் தாராளம்.

புடலங்காய்க் கூட்டு செய்தேன். அம்மா நன்றாக இருக்கிறது என்றாள். உப்புப் போட மறந்திருந்தேன்.

அக்டோபர் 8, சனி

ஆறு வருடம் என்றால் கஜா புயல் அதற்குள் வரவேண்டும். அந்த நவம்பரில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். பட்டியலில் அந்த மாதத்தைத் தேடினேன். இரண்டு சின்னத் தடைகள் மட்டும் இருக்கின்றன, இரண்டும் புயலுக்கு முந்தியவை.

பர்வீனுக்குப் போன் செய்தேன்.

“புயல் நாளையெல்லாம் அதுல சேக்க மாட்டோம்டி. இயற்கைச் சீற்றம்னு தனியா வெச்சிருவோம்.”

“ஏன்?”

“ஏன்னா என்ன அர்த்தம்? கம்பமே இல்லாதப்ப கரண்ட் எப்படிக் குடுக்கறது? அதையும் சேத்தா சராசரி கெட்டுப்போயிரும். எல்லா ஊர்லயும் இப்படித்தான். நாங்க எப்படி வேலை பாக்கறோம்னு தெரியணும்ல?”

அவள் சொல்வது நியாயம். ஊழியர்களின் வேலையை அளக்க அந்த நாட்களை நீக்குவது சரிதான். எனக்கோ வேறு எதுவும் வேண்டாம், நீக்கிய நாட்கள் மட்டும் போதும்.

“அனுப்பறியா?”

“நீ பிஎச்டி முடிக்கறதுக்குள்ள எனக்கு வேலை போயிரும்” என்றாள். அனுப்புவாள்.

அக்டோபர் 13, வியாழன்

அம்மா இப்போதெல்லாம் அடுப்படிக்கு வருவதில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பீன்ஸ் நறுக்கித் தருகிறாள். வெக்கை தாங்கவில்லை என்கிறாள். நேற்று மழை பெய்து குளிர்ந்துதான் இருந்தது. ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்தேன். தொண்ணூற்று மூன்று. ஜூனில் இருந்த அதே எண். நிம்மதி.

தூசி படிகிறதென்று இயந்திரத்தின் முகப்பில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 17, திங்கள்

விடுபட்டவை வந்துவிட்டன. மொத்தம் நான்கே தடைகள். மூன்று ஓரிரு நாள். ஒன்று இருபத்து மூன்று நாள்.

சேர்த்துச் சோதித்தேன். மெலிந்த வால் என்ற எண்ணம் ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. சராசரி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றிய பரவலுக்கு எல்லை கிடையாது என்ற அளவுக்கு வால் கனம்.

உடனே சந்தேகம் வந்தது. ஒரே ஒரு புள்ளியை நம்பி இதைச் சொல்லலாமா? விலகிய புள்ளிகளை அடையாளம் காணும் சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்தால், இருபத்து மூன்று நாள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, தூக்கிப் போடு என்கிறது. ஆனால் அந்தச் சோதனை வால் மெலிந்தது என்று நம்பிக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்கிறது. ஆக, கேள்வியை முடிவு செய்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கிறது.

கனத்த வாலில் ஒரு குணம் உண்டு, வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆனால், இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் ஆகிவிட்டால், எதிர்பார்க்க வேண்டியது இன்னும் பத்து. காத்திருக்கக் காத்திருக்க, காத்திருக்க வேண்டியது வளர்கிறது. “இவ்வளவு நேரம் ஆச்சே, இனி வந்துரும்” என்று நாம் சொல்வது இங்கே தலைகீழ்.

சிலிண்டர் கடைக்குப் போன் செய்து இன்னும் இரண்டு கேட்டேன். தீபாவளி முடியட்டும் என்றார்கள்.

அக்டோபர் 22, சனி

எதிர்வீட்டு வைரக்கண்ணு மாமாவைப் பார்க்கப் போனேன். பந்தல், மைக்செட் தொழில். ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்.

“மாமா, ரொம்ப நேரம் கரண்ட் போச்சுன்னா அம்மாவுக்கு உங்க ஜெனரேட்டர் கெடைக்குமா?”

“இதென்ன கேள்வி. ஒங்கம்மா கையால நான் எத்தன நாள் சாப்பிட்டிருக்கேன். எழுவத்தாறுல நான் பெயிலானப்ப வாத்தியார் அடிச்சாரு, அம்மா சோறு போட்டாங்க.”

“எழுபத்தாறுல அம்மாவுக்கு எட்டு வயசு மாமா.”

“அப்ப வேற யாரோ போட்டிருப்பாங்க. ஜெனரேட்டர் ஒனக்குத்தான், போ.”

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி, சரியாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம், “இப்பதான் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேல்ல. ஜனவரில ஹைதராபாத் போகலாம்ல” என்றாள். ஹைதராபாத்தில் ஒரு வருட ஆய்வுப் பணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நவம்பர் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். இங்கே எழுத அதில் ஒன்றுமில்லை என்பதால் எழுதவில்லை.

“சித்தி வந்து இருந்துக்குவா. நான் என்ன மோசமாவா ஆயிட்டேன்? அந்த வெரல்ல மாட்டறதுல பாரு, எவ்ளோ காட்டுது?”

தொண்ணூற்று மூன்று.

அக்டோபர் 25, செவ்வாய்

தீபாவளிப் புகை. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். தொண்ணூற்று இரண்டு. சாயங்காலம் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது தொண்ணூற்று மூன்று ஆகியிருந்தது. அம்மா துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நவம்பர் 2, புதன்

சிலிண்டர் லாரி நாகப்பட்டினத்திலேயே நிற்கிறதாம். அடுத்த வாரம்.

என் கைடு அத்தியாயத்தைக் கேட்டு மூன்றாவது தடவை எழுதியிருக்கிறார். இரண்டு வாரமாக இந்த ஒரு மின்பாதையைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வால் எங்கே தொடங்குகிறது என்பதை மாற்றி மாற்றி வைத்து மறுபடியும் மறுபடியும் சோதிக்கிறேன். முடிவு மாறவில்லை. மாறாத முடிவை இத்தனை முறை ஏன் சோதிக்கிறேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 9, புதன்

மழை. அம்மா குளிக்க முடியவில்லை என்றாள். துடைத்துவிட்டேன். முதுகு எலும்புகள் ஒவ்வொன்றும் கைக்குத் தெரிகின்றன. “ஒல்லியா இருந்தாத்தான் இப்ப பேஷன்” என்றாள்.

லாரி வரவில்லை.

நவம்பர் 11, வெள்ளி

காலை பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது. புயல் எதுவும் இல்லை, மழைதான். இன்வர்ட்டரில் ஓடுகிறது. இருபத்தெட்டு மணி நேரம் கையில் இருக்கிறது. பதற்றப்பட ஒன்றுமில்லை.

மதியம்: சிலிண்டருக்கு மாற்றிவிட்டேன். இரண்டு லிட்டரில் வைத்தேன். இயந்திரத்தின் சத்தம் நின்றதும் வீடு வேறு வீடு மாதிரி இருக்கிறது. அம்மா ரசஞ்சாதம் சாப்பிட்டாள். இந்த சிலிண்டர் நடு இரவு தாண்டியும் வரும்.

நவம்பர் 13, ஞாயிறு. ஆஸ்பத்திரி

இப்போதுதான் எழுத முடிகிறது.

வெள்ளி மாலை ஆறரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டரின் முள் சிவப்புக்குள் போய்விட்டிருந்தது. பாதிக்கு மேல் இருக்கவேண்டும். எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். சோப்பு நுரையை எடுத்து இணைப்புகளில் தடவிப் பார்த்தேன், கசிந்தால் குமிழி வரும். எதிலும் குமிழி வரவில்லை. மறுபடியும் தடவினேன். அம்மா கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கசியல, விடு” என்றாள்.

அப்போதுதான் அளவைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு ஒன்று மிதக்கும், அது நிற்கும் கோடுதான் லிட்டர். நான்கில் நின்றுகொண்டிருந்தது.

“யாரு மாத்தினா?”

“வேற யாரு இருக்கா வீட்ல.”

“எப்ப?”

“நீ தட்டு கழுவப் போனப்ப.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ரெண்டுல பத்தல அல்லி.”

“மெஷின்லயும் நாலுதானா?”

தலையாட்டினாள்.

“எப்பலேர்ந்தும்மா?”

“பூஜைக்கு முன்னாடியே மூணுதான். தீபாவளியோட நாலு.”

எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. “நான் எல்லாத்தையும் ரெண்டு வெச்சுத்தான் போட்டிருக்கேன்” என்றுதான் வாயில் வந்தது.

“தெரியும். தொண்ணூத்தி மூணு காட்டினாத்தான் நீ அந்தப் பேனாவக் கீழ வெப்ப. எறங்கினா ஹைதராபாத்தும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு இங்கயே ஒக்காந்துப்ப.”

ஆறு வருடத் தடைகளில் விடுபட்ட நாட்களைத் தேடிக் கேட்டு வாங்கியவள் நான். வாலின் கனத்தை எத்தனை விதமாகச் சோதித்தேன். ஜூன் மாதம் எழுதிக் கொடுத்த இரண்டு இன்னும் இரண்டுதானா என்று ஒரு நாள்கூட இயந்திரத்தின் மேலிருந்த துண்டை விலக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த சிலிண்டரை மாட்டினேன். நான்கில்தான் வைத்தேன். அப்படியென்றால் ஆறு மணி நேரம். பர்வீனைக் கூப்பிட்டேன்.

“வாய்க்கா ஓரத்துல வரிசையா கம்பம் சாஞ்சு கெடக்கு. தண்ணி வடியாம ஆளு எறங்க முடியாது.”

“எப்ப வரும்?”

“கேக்கறவங்ககிட்ட வந்துரும்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. ஒன்கிட்ட அப்படிச் சொல்லல. எனக்குத் தெரியலடி.”

வைரக்கண்ணு மாமாவின் ஜெனரேட்டர் மன்னார்குடிப் பக்கம் ஒரு மண்டபத்தில் இருந்தது. அங்கும் கரண்ட் இல்லாததால்தான் போயிருக்கிறது. எங்கள் தெரு இருண்டால் எல்லாத் தெருவும் இருண்டிருக்கும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. “வரவேற்பு முடியட்டும், மாப்ள வீட்டுக்காரன் அடிச்சாலும் பரவால்ல, கழட்டிட்டு வந்துர்றேன் பாப்பா” என்றார் போனில். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

கரண்ட் போய் ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, “இவ்ளோ நேரம் ஆச்சு, இனி எந்த நிமிஷமும் வந்துரும், பயப்படாத” என்றார். அவர் சொன்னதை நம்பலாமே என்று ஆசையாக இருந்தது. ஆனால் ஒன்பது மணி நேரம் ஆனதே இன்னும் ஒன்பது மணி நேரம் ஆகலாம் என்பதற்கான அடையாளம். வருமென்று காத்திருந்து, சிலிண்டர் தீரும் நேரத்தில் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் என்ன செய்வது?

நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். அம்மா, “கரண்ட் வந்துச்சுன்னா சிரிப்பாங்க” என்றாள். “சிரிக்கட்டும்” என்றேன். ஏழரைக்கு வண்டி வந்தது. வண்டியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் விரலில் ஆக்சிமீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வந்ததும் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்: “வீட்ல எத்தனை லிட்டர் போகுது?”

“ரெண்டு” என்று சொல்லிவிட்டேன். நாக்குக்குப் பழகிவிட்டது.

முகமூடிக்குப் பின்னாலிருந்து அம்மா நான்கு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

நவம்பர் 14, திங்கள்

எங்கள் தெருவுக்குக் கரண்ட் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்ததாம். பர்வீன் சொன்னாள். மொத்தம் இருபத்தாறு மணி நேரம். இரண்டு லிட்டர் என்றால் என் இருபத்தெட்டு போதும், மிச்சமும் இருந்திருக்கும். நான்கு லிட்டருக்குப் பதினைந்தரைதான். சனிக்கிழமை விடிவதற்கு வெகுநேரம் முன்னாலேயே தீர்ந்திருக்கும்.

இதைப் பர்வீனிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவம்பர் 15, செவ்வாய்

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஸ்கேன் படத்தில் ஜூனில் இருந்ததையும் இப்போது இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், இனி லிட்டர் எப்படி ஏறும் என்று. “திடீர்னு எல்லாம் இல்லங்க. கொஞ்சம் கொஞ்சமா” என்றார்.

எதையும் சோதிக்க வேண்டியதில்லை. ஜூன் இரண்டு, செப்டம்பர் மூன்று, அக்டோபர் நான்கு. மூன்று புள்ளி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளை போடலாம். நான் இன்னும் போடவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். சிலிண்டர் இரண்டும் வந்து வாசலில் நிற்கின்றன. மொத்தம் நான்கு. வைரக்கண்ணு மாமா ஜெனரேட்டரோடு வந்து கொட்டகை போடுவதற்கு இடம் பார்ப்பது போல எங்கள் கொல்லையை அளந்துவிட்டுப் போனார். “மழை முடியற வரைக்கும் இது இங்கதான். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கறேன்.”

அம்மாவோடு மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. இன்று தலை பின்னிவிடும்போது, “கோவமா?” என்றாள். ஆமாம் என்றேன். “என்மேலயா?” என்றாள். சீப்பை எடுக்கப் போய்விட்டேன். சீப்பு கையில்தான் இருந்தது.

பிறகு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். தினமும் காலையில் எத்தனை லிட்டர் என்பதை அவளே சொல்லவேண்டும். நான் துருவக் கூடாது, அவள் மறைக்கக் கூடாது.

நவம்பர் 21, திங்கள்

“நாலு.”

நவம்பர் 26, சனி

“நாலு. ராத்திரி மட்டும் கொஞ்சம் கூட.”

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அரை என்றாள்.

நவம்பர் 29, செவ்வாய்

ஹைதராபாத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். என்ன எழுதினேன் என்று அம்மா கேட்கவில்லை. பகல் முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாயங்காலம் எழுந்து, “காப்பி போடு, சக்கரை தூக்கலா” என்றாள்.

டிசம்பர் 7, புதன்

காலையில் அம்மா, “அஞ்சு” என்றாள்.

இந்த இயந்திரத்தில் அதற்கு மேல் கோடு இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

“பத்து லிட்டர் மெஷின் இருக்கும்மா. சொல்லி வெச்சிருக்கேன்.”

“அது கரண்ட் எவ்ளோ இழுக்கும்?”

“ரெண்டு மடங்கு.”

“அப்ப இன்வர்ட்டர் ஒன்றரை மணி நேரம்தான்” என்றாள். என்னை விட வேகமாகச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள், தலையணையைச் சரிசெய்தேன், நோட்டை அவளுக்கும் தெரியும்படி மடிமேல் வைத்துக்கொண்டேன். முதல் முறையாக இரண்டு பேருமாகக் கணக்குப் போட்டோம். ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு, சிலிண்டர் நான்கும் எத்தனை மணி, எந்த நேரத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டு வண்டியைக் கூப்பிடுவது. மூச்சு வாங்கும்போது நிறுத்தினோம். பிறகு தொடர்ந்தோம்.

சிலிண்டர் வரியில் நான் எழுதியதை எட்டிப் பார்த்தாள்.

“அஞ்சுன்னா போட்ட?”

“நீதானே சொன்ன.”

“கூட்டிப் போடுடி” என்றாள். “நான் கொறச்சுத்தானே சொல்லுவேன்.”